ஓவர்டிரெய்னிங் உண்மையா, சோம்பேறிகளின் சாக்கா?

கேள்வி: 2024 ஆகஸ்ட் 3, காலை 11.20

வயது 22, எடை 64 கிலோ. வாரம் ஆறு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் ஜிம். செஸ்ட்டுக்கு மட்டும் வாரம் 28 செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) போடுகிறேன். ஐந்து மாதமாக பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சுக்கு மேல் எடையைத் தூக்குவது) 70 கிலோவைத் தாண்டவில்லை. எங்கள் ஜிம் மாஸ்டர், "ஓவர்டிரெய்னிங்னு ஒண்ணு கிடையாது, அது சோம்பேறி சொல்ற சாக்கு" என்கிறார். கூட வரும் அண்ணன் ஒருவர், 45 நிமிடத்துக்கு மேல் போனால் உடம்பு தன் தசையையே தின்னும் என்கிறார். யார் சொல்வது சரி?

ஆகஸ்ட் 3, இரவு 9.45

தம்பி, ஓவர்டிரெய்னிங், அதாவது அளவுக்கு மிஞ்சிப் பயிற்சி செய்து உடம்பு கெடுவது, உண்மைதான். ஆனால் உங்களுக்கு வந்திருப்பது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு.

2013ல் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த இரண்டு விளையாட்டு அறிவியல், மருத்துவ அமைப்புகள் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. மூன்று படி சொல்கிறார்கள். முதல் படியில் கொஞ்ச நாள் அளவுக்கு மிஞ்சிச் செய்கிறோம், பலம் இறங்குகிறது, ஓய்வெடுத்ததும் முன்பைவிட மேலே வருகிறது. இதைப் பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே செய்ய வைப்பார்கள். இரண்டாம் படியில் மீள்வதற்கே வாரங்கள், மாதங்கள் ஆகும், கடைசியில் லாபமும் இல்லை. மூன்றாவதுதான் நிஜமான ஓவர்டிரெய்னிங் சிண்ட்ரோம். மாதக்கணக்கில் ஓய்வெடுத்தாலும் பழைய நிலை வராது. தூக்கம், மனநிலை, பசி என்று எல்லாம் சேர்ந்து கெடும். அப்படி விழுந்தவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நீண்ட தூர ஓட்டம், நீச்சல், சைக்கிள் பக்கத்திலிருந்துதான் வருகிறது. வெயிட் தூக்குகிறவர்களில் குறைவு. உங்கள் மாஸ்டர் பேச்சில் இருக்கும் உண்மை அவ்வளவுதான்.

45 நிமிடக் கதையை விட்டுவிடுங்கள். பயிற்சியின்போது கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், முடிந்ததும் இறங்கும். 46வது நிமிடத்தில் தசையைத் தின்ன ஆரம்பிக்க உடம்புக்குள் கடிகாரம் எதுவும் இல்லை.

என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், என்ன வேலை? இந்த மூன்றையும் நீங்கள் எழுதவே இல்லை. அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

ஆகஸ்ட் 3, இரவு 10.10

ஒன்று விட்டுப்போனது. 28 செட்டில் எத்தனை செட் நிஜமாகவே கஷ்டப்பட்டுப் போட்டவை? கடைசி இரண்டு ரெப்பில் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) கை நடுங்கிய செட்டை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 5, மாலை

தம்பி பதில் போட்டிருக்கிறார். செல்போன் கடையில் காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நின்றபடி வேலை. ஜிம் காலை ஐந்தரைக்கு. படுக்கும்போது மணி பன்னிரண்டு. காலையில் இரண்டு வாழைப்பழம், மதியம் கடையிலேயே ஒரு சாப்பாடு, இரவு தோசை. நாளுக்கு மூன்று முட்டை. கஷ்டப்பட்டுப் போட்ட செட் என்று எண்ணினால் பத்து தேறுமாம்.

எனக்கு இதைப் படித்ததும் என் 2014 ஞாபகம்தான் வந்தது. நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம் பிரிவில் இருந்தேன். வயது 31. மாவட்ட அளவில் ஓர் ஆணழகன் போட்டிக்கு, 70 கிலோ பிரிவில் இறங்கத் தயாரானேன். எங்கள் ஜிம் தகரக் கூரை போட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே போனால் எடை மாட்டும் இரும்புப் பாரைத் தொட முடியாது, துணியைச் சுற்றித்தான் பிடிப்போம். அந்தக் கூரைக்குக் கீழே நாளுக்கு இரண்டரை மணி நேரம். அப்புறம் காலையில் ஓட்டம்.

செப்டம்பரில் 130 கிலோ ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) ஐந்து ரெப் வந்துகொண்டிருந்தது. நவம்பரில் 110 கிலோவில் மூன்றாவது ரெப்புக்கு ஆள் கை கொடுக்க வேண்டியதாயிற்று. நான் செய்ததெல்லாம் இன்னும் செட்டைக் கூட்டியதுதான். படுத்தால் தூக்கம் வராது, நெஞ்சு படபடவென்று அடிக்கும். வாயெல்லாம் புண். உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். அப்போது மகளுக்கு நான்கு வயது. ஒரு நாள் டம்ளரைத் தட்டிவிட்டாள் என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். என் மனைவி அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "போட்டியில ஜெயிக்கலைன்னாலும் பரவாயில்ல, வீட்டுக்குள்ள மனுஷனா இருங்க."

மேடையில் தட்டையாகத் தெரிந்தேன். இடம் எதுவும் கிடைக்கவில்லை. பழைய ஸ்குவாட் திரும்ப ஆறு ஏழு மாதம் ஆனது. அளவுக்கு மிஞ்சிச் செட் போட்டதுதான் காரணம் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சாக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஆகஸ்ட் 6

"அர்னால்ட் ஸ்வார்ஸ்னேகர் நாளுக்கு இரண்டு வேளை, வாரம் ஆறு நாள் செய்தாரே, அவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி வராத ஜிம்மே கிடையாது. பதிலுக்கு இன்னொருவர் பாடிபில்டர் டோரியன் யேட்ஸைக் கொண்டுவந்திருக்கிறார். வாரம் நான்கு நாள், ஒரு பயிற்சிக்கு உயிரைக் கொடுத்து ஒரே ஒரு செட், 1992 முதல் 1997 வரை ஆறு மிஸ்டர் ஒலிம்பியா பட்டம். அர்னால்டுக்கு ஏழு. இரண்டு வழியிலும் உச்சிக்குப் போயிருக்கிறார்கள் என்றால், செட் எண்ணிக்கை மட்டும் விஷயத்தைத் தீர்மானிக்கவில்லை என்பது தெரிகிறது.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பேருமே ஸ்டீராய்டு எடுத்ததைப் பிற்பாடு மறைக்காமல் சொன்னவர்கள். 1996ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வை நம் பையன்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 43 ஆண்கள், பத்து வாரம். ஒரு குழு பயிற்சி மட்டும் செய்தது, மருந்தில்லாத வெறும் ஊசி. கொழுப்பில்லாத எடை சராசரியாக 1.9 கிலோ கூடியது. இன்னொரு குழு பயிற்சியே செய்யவில்லை, வாரம் 600 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி மட்டும். அவர்களுக்கு 3.2 கிலோ கூடியது. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 6.1 கிலோ. சும்மா உட்கார்ந்திருந்தவன், வியர்வை சிந்தியவனைவிட அதிகம் ஏறியிருக்கிறான்! அப்படிப்பட்ட உடம்பின் அட்டவணையை எடுத்து, மூன்று முட்டை சாப்பிடுகிற பையன் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு செய்வது எவ்வளவு அநியாயம். ஊசி போடு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அட்டவணை உங்களுக்காக எழுதியது இல்லை என்கிறேன்.

ஆகஸ்ட் 9, இரவு

5ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும்.

நேற்றுப் பரணில் இருந்து பெட்டியை இறக்கி 2014 பயிற்சி நோட்டைத் தேடி எடுத்தேன். பத்து வருடமாக நான் சொல்லி வந்த கதையும் நோட்டில் இருப்பதும் ஒன்றாக இல்லை.

ஏப்ரல் மாதம், போட்டி யோசனையே வராத நேரம். செஸ்ட் வாரம் 26 செட், விங்ஸ் (முதுகின் பக்கத் தசை) 24, கால் 20. எடைகள் வாராவாரம் ஏறுகின்றன. ஓரத்தில் "நல்ல பம்ப்" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். நவம்பர் மாதம், எல்லாம் விழுந்த நேரம். செஸ்ட் 22, விங்ஸ் 20, கால் 16. செட்டைக் கூட்டினேன் என்று சொன்னேனே, கூட்டியிருக்கிறேன்தான், ஆனால் இரண்டே வாரம். மொத்தத்தில் ஏப்ரலைவிடக் குறைவாகத்தான் செய்திருக்கிறேன்.

அப்படியானால் மாறியது எது? ஆகஸ்ட்டில் 78 கிலோ, டிசம்பரில் 69. சோறு மூன்று வேளையிலிருந்து மதியம் ஒரு கைப்பிடிக்கு வந்துவிட்டது. அக்டோபரில் எங்கள் பிரிவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அதனால் அரை நைட்டும் முழு நைட்டும் மாறி மாறி எனக்கே விழுந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் "தூக்கம் 4 மணி", அடுத்த பக்கத்தில் "4½", அதற்கடுத்ததில் எதுவும் எழுதவில்லை. தினம் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வேறு புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

வெயிட் என்னைத் தள்ளவில்லை. வெயிட் முன்பு போலத்தான் இருந்தது, அதைத் தாங்குவதற்கு வேண்டிய சோறும் தூக்கமும் பாதியாகிவிட்டன. வரவைக் குறைத்துவிட்டு அதே செலவைச் செய்திருக்கிறேன். இந்த நோட்டை அன்றைக்கே ஒரு முறை பின்னால் புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இன்னொரு பிழை: மீள ஆறு ஏழு மாதம் என்றேன். போட்டி டிசம்பர் 14. திரும்ப 130 கிலோவில் ஐந்து ரெப் வந்தது மே 2. நாலரை மாதம்தான்.

ஆகஸ்ட் 10

ஒரு நண்பர், இப்படி ஒருவரை வாரக்கணக்கில் கூடவே இருந்து அளந்திருக்கிறார்களா என்று கேட்டார். அளந்திருக்கிறார்கள், ஒரு வருடம் முழுக்க. ஊசி எதுவும் எடுக்காத ஒரு பாடிபில்டரை, போட்டிக்கு முன் ஆறு மாதம், பின் ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து 2013ல் வெளியிட்டார்கள். அவருடைய நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 53லிருந்து 27க்கு இறங்கியது. 27! டெஸ்டோஸ்டிரோன் 9.22லிருந்து 2.27. மனநிலைக் குலைவை அளக்கும் மதிப்பெண் 6லிருந்து 43. போட்டி முடிந்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் ஹார்மோன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பலம் ஆறு மாதம் கழித்தும் முழுதாக வரவில்லை.

என் நோட்டில் நவம்பர் மாதம் காலை நாடி 44 என்று இருக்கிறது. வழக்கமாக 62. அன்றைக்கு அதை நான் "ஓடி ஓடி இதயம் பலமாகிவிட்டது" என்று சந்தோஷமாக எல்லோரிடமும் சொன்னேன். அடுப்பில் விறகு இல்லாததால் தீ தணிந்திருக்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது. சாப்பாட்டுப் பற்றாக்குறையால் ஒரு விளையாட்டு வீரரின் உடம்பு முழுக்க மந்தமாவதற்கு ரெட்-எஸ் என்று ஒலிம்பிக் கமிட்டி பெயர் வைத்ததும் அதே 2014ல்தான்.

தூக்கத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள் (2011). பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னோர் ஆய்வில், எடை குறைக்கிறவர்களை எட்டரை மணி நேரமும் ஐந்தரை மணி நேரமும் படுக்கவைத்து ஒப்பிட்டார்கள். சாப்பாடு ஒரே அளவுதான், குறைந்த எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குறைவாகத் தூங்கியபோது கொழுப்பு கம்மியாகவும் தசை அதிகமாகவும் போயிருக்கிறது. முழு நைட் பார்த்துக்கொண்டு கட்டிங் (போட்டிக்காகக் கொழுப்பைக் குறைப்பது) செய்த எனக்கு மேடையில் என்ன நடந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஆகஸ்ட் 14

மனோகர் ஐச் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். நன்றி, அவரை நானே சொல்லியிருக்க வேண்டும். 1952ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கிய வங்காளி. ஐந்தடிக்கும் குறைந்த உயரம், பாக்கெட் ஹெர்குலஸ் என்பார்கள். 2016ல் 104 வயதில் காலமானார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரை அடித்துவிட்டுச் சிறைக்குப் போனவர். கருவி எதுவும் இல்லாமல் சில நாட்கள் 12 மணி நேரம்கூடச் சிறையில் பயிற்சி செய்ததாக அவரே பின்னாளில் சொன்னார். "12 மணி நேரம் செய்தவர் 104 வயது வாழ்ந்தார், நீங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஓவர்டிரெய்னிங் என்கிறீர்கள்" என்பது அந்த நண்பரின் வாதம்.

அதே கதையின் மறுபாதியையும் பாருங்கள். அவர் உழைப்பைக் கண்ட சிறை அதிகாரிகள் அவருக்குத் தனிச் சாப்பாடு ஏற்பாடு செய்தார்கள். பாரமான எடைகள் இல்லை, சொந்த உடம்பின் எடைதான். இரவு ஒன்பது மணி வரை கடையில் நிற்கும் வேலையும் இல்லை. அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த 12 மணி நேரத்தை மட்டும் பிய்த்தெடுத்து நம் தம்பி தலையில் வைக்காதீர்கள்.

ஆகஸ்ட் 14, இரவு

பேச்சு எண்ணெய்க் குளியலுக்குப் போய்விட்டது. போகட்டும், எனக்கும் பிடித்த விஷயம். எங்கள் மாஸ்டருக்கு மாஸ்டராக இருந்த பெரியவர் சனிக்கிழமை ஜிம்மைத் திறக்கவே மாட்டார். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மிளகு ரசமும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் பகலில் படுக்காமல் வீட்டோடு இருக்க வேண்டும், அதுதான் அவர் சட்டம். எண்ணெய் தசைக்குள் இறங்கி வேலை செய்கிறது என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் பாரைத் தொடாமல், பரபரப்பில்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டு, ராத்திரி சீக்கிரம் படுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போடும் ஸ்குவாட்தான் எங்கள் வாரத்திலேயே நல்ல ஸ்குவாட்.

"உடம்புச் சூடு" என்கிறோமே, அதையும் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். வாய்ப்புண், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் சூடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். காரணம் என்னவோ, அடையாளத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். நான் வெந்தயத் தண்ணீரைக் குடித்துவிட்டு அன்று மாலையே கால் பயிற்சிக்குப் போனேன்.

ஆகஸ்ட் 18

9ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ நல்லாச் சாப்பிட்டுத் தூங்கினா எவ்வளவு வேணா செய்யலாம்னு சொல்றீங்க" என்று இரண்டு பேர் முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை. மூட்டுகளையும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாரையும் நான் மறந்துவிட்டேன்.

2018ல் சாப்பாடும் தூக்கமும் எனக்குக் குறைவில்லை. மில்லை விட்டுவிட்டேன், பகல் வேலை. டிரைசெப்ஸுக்கு (மேற்கையின் பின்பக்கத் தசை) வாரம் நான்கு நாள் ஸ்கல் கிரஷர் போட்டேன், படுத்தபடி பாரை நெற்றிப் பக்கம் இறக்கி ஏற்றும் பயிற்சி. முழங்கையில் சின்னதாக ஒரு குத்தல். சூடானதும் போய்விடும், மறுநாள் வரும். மூன்று மாதம் அப்படியே தள்ளினேன். அப்புறம் கதவுத் தாழ்ப்பாளைத் திருப்பினாலே உயிர் போனது. அது சரியாக ஒன்பது மாதம் ஆனது. மனநிலை நன்றாக இருந்தது, பசி நன்றாக இருந்தது, ஸ்குவாட் ஏறிக்கொண்டிருந்தது, முழங்கை மட்டும் போயிற்று. தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம், சீக்கிரம் தேறும். தசைநாருக்கு அப்படி இல்லை, மெதுவாகத்தான் பலப்படும். எவ்வளவு கறி சாப்பிட்டாலும் அதன் வேகம் அதுதான்.

யேட்ஸ் பற்றிச் சொன்னேனே, அவர் கதையின் முடிவும் இதுதான். செட் குறைவு, ஓய்வு நிறைய. ஆனாலும் 1994ல் இடது பைசெப்ஸ் கிழிந்தது, 1997ல் டிரைசெப்ஸ் கிழிந்தது, அதோடு மேடையை விட்டார். குறைந்த செட், ஆனால் ஒவ்வொன்றிலும் உச்சகட்ட பாரம். ஆகவே "ஓவர்" என்பது உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை. ஒரு மூட்டில் மட்டும் வரலாம்.

ஆகஸ்ட் 19

அவசரமாக ஒன்று. ரொம்ப நாள் இடைவெளி விட்டுவிட்டு, முதல் நாளே பந்தயம் கட்டி நூற்றுக்கணக்கில் பஸ்கி போடுவது, புதிதாக வந்த பையனை மாஸ்டரே விடாமல் கால் பயிற்சி செய்ய வைப்பது. இதற்குப் பிறகு கால் கல்லாக வீங்கி, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால், அது சூடும் இல்லை, சாதாரண வலியும் இல்லை. தசை உடைந்து அதிலிருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். இளநீர் குடித்துவிட்டு வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் ஜிம்மில் ஒரு கல்லூரிப் பையன் நான்கு நாள் படுக்கையில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான். ஜிம்முக்கு வந்து மொத்தம் இரண்டே நாள் ஆகியிருந்தது. இதையும் ஓவர்டிரெய்னிங் என்று சேர்த்துக் குழப்புகிறார்கள். அது மாதக்கணக்கில் வருவது, இது ஒரே மாலையில் வருவது.

ஆகஸ்ட் 27

டிலோட், அதாவது நடுவில் பயிற்சியைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுப்பது, பற்றி நிறையக் கேள்விகள். ஆறு வாரத்துக்கு ஒரு வாரம் கட்டாயம் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். இந்த வருடம் வந்த ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. பயிற்சிப் பழக்கம் உள்ளவர்களை ஒன்பது வாரம் செய்ய வைத்தார்கள். ஒரு குழு நடுவில் ஒரு வாரம் முழு ஓய்வு எடுத்தது, மற்றொன்று எடுக்கவில்லை. தசை வளர்ச்சி இரண்டு பக்கமும் ஒன்றுதான். கால் பலம், ஓய்வெடுக்காதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது காலண்டரைப் பார்த்து நிறுத்தத் தேவையில்லை போலிருக்கிறது.

மறுபக்கம், ஓய்வெடுத்தால் எல்லாம் கரைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: ஜப்பானில் ஆறு வாரம் பயிற்சி, மூன்று வாரம் முழு ஓய்வு என்று மாற்றி மாற்றி 24 வாரம் செய்தவர்களும், இடைவிடாமல் செய்தவர்களும் கடைசியில் ஏறக்குறைய ஒரே அளவு தசைதான் போட்டிருந்தார்கள் (2013). அவர்கள் புதிதாக ஆரம்பித்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் போய்வருவதற்கு அழுகிற பையன்களிடம் இதைக் காட்டுவேன்.

நான் இப்போது செய்வது இதுதான்: ஒரே பயிற்சியில் ஒரே எடை, தொடர்ந்து மூன்று முறை முன்பைவிடக் குறைவான ரெப் வந்தால் அந்த வாரம் செட்டைப் பாதியாக்குகிறேன். இதற்கு ஓர் அடிப்படை உண்டு. 1994ல் வெளிவந்த ஆய்வில், தன்னால் ஒரே முறை தூக்க முடிகிற உச்ச எடையை ஸ்குவாட் மெஷினில் தினம் பத்து முறை, இரண்டு வாரம் தூக்க வைத்தார்கள். உச்ச பலம் சராசரியாகப் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் ஓட்டக்காரர்களிடம் எதிர்பார்க்கிற மாதிரி ஹார்மோன்கள் பெரிதாகக் கெடவில்லை. வெயிட் விஷயத்தில் முதலில் காட்டிக்கொடுப்பது ரத்தப் பரிசோதனை இல்லை, பார்தான்.

செப்டம்பர் 8

மேலே எழுதியதற்கு ஒரு விதிவிலக்கு, முக்கியமானது. எங்கள் ஜிம்மில் 40 வயது நண்பர் ஒருவர். எட்டு மாதமாகச் சோர்வு, எடை இறங்குகிறது, செட்டுக்கு நடுவில் மூச்சு வாங்குகிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஓவர்டிரெய்னிங் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம், நான் உட்பட. ஒரு மாதம் ஓய்வும் எடுத்துப் பார்த்தார். கடைசியில் பார்த்தால் சர்க்கரை. வேறு நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் ஓவர்டிரெய்னிங் என்று முடிவுக்கு வர வேண்டும் என்று அந்த 2013 அறிக்கையே சொல்கிறது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, ஏதாவது தொற்று, இவற்றைப் பார்க்காமல் பேசக் கூடாது. எங்கள் பேச்சால் அவருக்குப் போன மாதங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மழைக்காலம் வருகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். டெங்கு, வைரல் காய்ச்சல் வந்து எழுந்ததும் "விட்டதைப் பிடிக்கணும்" என்று மறுநாளே ஜிம்முக்கு ஓடாதீர்கள். சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும். காய்ச்சலுக்குப் பின் நெஞ்சு வலி, படபடப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது இருந்தால் டாக்டர் சொல்லாமல் பாரைத் தொட வேண்டாம்.

செப்டம்பர் 29

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். செஸ்ட்டை 28 செட்டிலிருந்து 12ஆகக் குறைத்தாராம், நான்கு நாள் மட்டும் ஜிம். மாஸ்டர் இரண்டு வாரம் பேசவில்லையாம். முட்டை ஆறு, இரவில் கூடுதலாக ஒரு கிண்ணம் சுண்டல், பதினொன்றுக்கு முன் படுக்கை. எடை 65.5. பெஞ்ச் 72.5 கிலோவில் இரண்டு ரெப்.

படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், என் மனைவி உட்பட. ஆனால் ஒரு எச்சரிக்கை, தம்பி. செட் குறைத்ததால் ஏறியதா, சாப்பாட்டால் ஏறியதா, தூக்கத்தாலா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டீர்கள். என் கணிப்பு தூக்கம்தான், ஆனால் அது கணிப்புதான். இப்போது சாப்பாட்டையும் தூக்கத்தையும் தொடாமல் செட்டை மட்டும் 15ஆக ஏற்றி ஆறு வாரம் பாருங்கள். மாஸ்டரிடமும் போய்ப் பேசுங்கள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அவருடைய மாஸ்டர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்.

72.5ல் மூன்றாவது ரெப் வந்ததும் இங்கேயே எழுதுங்கள். முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் சேர்த்து.